மூணாவது வரி

களியக்காவிளையில் பேருந்து நின்றுவிடும்.
அந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கமே திரும்பும்.
நடுவில் கிடந்த இருட்டை
அமலோற்பவம் நடந்தே கடந்தாள், பதினோரு வருடம்,
கோவளத்து ஓட்டலில் பாடிவிட்டு.
கடன்காரனைப்போலப் பின்னாலேயே
பேஸ் கிட்டாரோடு நான்.

சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.
எரிசாராயம் தேடிய கைக்குக் கிடைத்தது
குதிகால் செருப்பு ஒரு ஜோடி,
இலையில் மடித்த மரச்சீனி.
"என்ன வேல?"
"ப்ளூஸ்."
"அப்படீன்னா?"

யோசித்தாள்.
மீன் லாரியிலிருந்து ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.
அந்தச் சொட்டைத் தாளமாக எடுத்து
ஒரு வரி பாடினாள்.
அதே வரியை மறுபடி,
கொஞ்சம் தாழ்த்தி.
டிரைவர் பீடியை அணைத்தான்.
"மூணாவது வரி?" என்றார் ஏட்டு.
"அது சம்பளம் வந்த பெறவு."

வரவில்லை. ஓட்டலுக்கு டிஜே வந்தான்.
மார்த்தாண்டத்தில் பதிந்த ஒரே கேசட்டின் அட்டையில்
அமலா என்று சுருக்கிவிட்டார்கள்,
பெயருக்கு இடம் போதவில்லையாம்.
தொண்டையில் முடிச்சு என்றார் நாகர்கோவில் டாக்டர்.
மேல் ஸ்தாயி போயிற்று.
"போட்டும் மக்கா.
கீழ ஆளே இல்ல, எடம் நெறையக் கெடக்கு."

இப்போது விடியற்காலைச் சந்தையில்
சாளைக் கூடைகளை ஏலம் விடுகிறாள்.
ஒரு தரம்.
ரெண்டு தரம், கொஞ்சம் தாழ்த்தி.
மூணாவதுக்கு அவள் மூச்சு இழுக்கும் இடைவெளியில்
மீன் வாங்க வந்த என் விரல்
தொடையில்
தானாகத் தட்டுகிறது.