வராப் பாக்கி

ஆற்காட்டுக் கச்சேரியில் நான் எட்டாவது கணக்கன்.
நவாபின் முகத்தைப் பார்த்ததில்லை.
அவர் முத்திரையின் ஓரத்தில் ஒரு கீறல் உண்டு,
அது எனக்குத் தெரியும்.
ஏழு வருஷப் பாக்கி என்று தாக்கீதைக் கட்டிக் கொடுத்து
செங்கானூர்க் கோட்டைக்கு என்னை அனுப்பினார்கள்.
கணியம்பாடி தாண்டும் முன்பே
வெயில் என் உச்சியில் பங்கு கேட்டது.

ஜைத்சிங் என்று பேர். ஊரார் வாயில் சேத்துசிங்கு.
அப்படியே எழுதிக்கொண்டேன்.
வயது இருபத்திரண்டு.
மீசை வருவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.
தகப்பன் பாதுஷாவின் படையோடு வடக்கிலிருந்து வந்தவன்;
ஏதோ ஒரு முற்றுகையில் இடக்கையைக் கொடுத்துவிட்டு
இந்தக் குன்றை வாங்கியவன்.
கடுகெண்ணெயில் ஊறிய மாங்காய்ச் சாடி
கொலுமண்டபம் வரை நாறியது.

"எழுது" என்றான்.
அவன் தமிழில் எல்லா வினையும் ஏவல்தான்.
"அப்பன் கை, ஒன்று. எந்தப் பத்தியில் வைப்பாய்?
குதிரை முந்நூறு, மழையில் கால் அழுகிச் செத்தது. அது எதில்?
குன்றைக் கொடுத்தது டில்லி. நடுவில் ஆற்காடு யார்?
டில்லியே வந்து கேட்டால்..."
நிறுத்தினான். சாளரத்தில் ஒரு பருந்தைப் பார்த்தான்.
"டில்லிக்கும் கிடையாது."

அதுவரை அது வழக்கு.

நல்லவன் என்று சொல்ல வரவில்லை.
ஏரி வற்றிய வருஷமும் பாதி அளந்தவன்.
ஒடுகத்தூர் மணியக்காரன் முதுகில் கல்லேற்றி
உச்சி வெயிலில் நிறுத்தியவன்.
(நவாபு படைக்கு வழி காட்டியது அந்த முதுகுதான்.)
இவன் பீரங்கிக்குத் திரி வைத்தவர் மஸ்தான் ராவுத்தர்,
அந்தப் பக்கம் முன்னணியில் வந்தவன் துக்கோஜி.
யார் சாமி யார் பக்கம் என்று கேட்பவர்கள்
சம்பளப் பட்டியலைப் படித்ததில்லை.

ஆனி மாதம். பாலாறு கரைக்குக் கரை மணல்.
எண்பத்தாறு குதிரைகள் இறங்கின. எதிரே இரண்டாயிரம்.
சேதம் எழுத ஒரு ஆள் வேண்டுமே,
புளியமரத்தடியில் மசிக்கூட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
குளம்பு புதைந்தது, பிறகு கணுக்கால், பிறகு முழங்கால்.
மேலே மணல், அடியில் ஊற்று என்று
இந்தக் கரையில் தவழ்ந்த பிள்ளைக்குத் தெரியும்.
வடக்கத்திக் குதிரைக்கு யார் சொல்வது?

இறங்கினான்.
வாளை எறிந்துவிட்டு இரு கையாலும் கடிவாளத்தைப் பிடித்து
சேற்றில் சிக்கிய எருதைக் குடியானவன் இழுப்பதுபோல்
ஹே ஹே என்று இழுத்தான்,
போர் நடப்பதே மறந்துபோய்.
குண்டு அப்போதுதான் பட்டது.
குதிரை எழுந்துவிட்டது.

மூன்றாம் நாள் ஜப்தி எழுதப் போனேன்.
லாயத்தில் ஒன்பது, அதில் நொண்டி இரண்டு.
வெடியுப்பு நாலு மூட்டை.
நிலைக்கண்ணாடி ஒன்று, விரிசல்.
மாங்காய்ச் சாடியை எழுதவில்லை.
முற்றத்தில் சந்தனமும் வேலமும் அடுக்கியிருந்தது;
ராணி ஏறப்போகிறாள் என்று
மலையடிவாரம் முழுக்கக் கூட்டம், பொரிகடலைக்காரன் உட்பட.

அவள் வந்தாள். தண்டை, ஒட்டியாணம், வங்கி,
ஒவ்வொன்றாய்த் தராசில் போட்டாள்.
"ஏழு வருஷம் சரியா?"
"சரி. பதினொரு வராகன் மீதி."
மீதியை எண்ணி வாங்கினாள்.
"ரசீது."
பேர் கேட்டேன். சொன்னாள்.
மூன்று தரம் சொன்னாள்.
எங்கள் எழுத்தில் அந்த ஓசை உட்காரவில்லை;
கிட்டத்தட்ட எழுதினேன்.
காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
விறகைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னாள்.

கச்சேரியில் பெரிய கணக்கர் ஒப்பவில்லை.
"கட்டியவள் அவள். அவன் கட்டவில்லையே?"
அதனால் அவன் ஏடு மூடாமலே கிடக்கிறது:
சேத்துசிங்கு, செங்கானூர், வராப் பாக்கி.

பதினொன்றில் ஒரு வராகனை
மசிக்கூலி என்று என்னிடம் நீட்டியிருந்தாள்.
அதை நான் எந்தக் கணக்கிலும் காட்டவில்லை.