காற்புள்ளி

வூட்ச் நகரின் சாயக்கூடம்.
மூன்றாம் ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம்.
போகுமிவா கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு
தட்டினாள்:
ஒன்று, இரண்டு, காற்புள்ளி, ஐந்து.

போலந்தில் எங்களுக்கு அப்படித்தான்.
முழுமைக்கும் பின்னத்துக்கும் நடுவே
காற்புள்ளி நிற்கும்,
பள்ளிக்கூடக் கரும்பலகையிலும்
ரொட்டிக்கடைச் சீட்டிலும்.
நான் எழுதிய பெட்டிக்கோ
முற்றுப்புள்ளி ஒன்றுதான் தெரியும்.
எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய நான்கு வரி:
இலக்கமா, விடு. புள்ளியா, விடு.
மற்றதை விழுங்கு.

விழுங்கியது. ஏப்பம்கூட விடவில்லை.

பன்னிரண்டரை கிராம் போக வேண்டிய தொட்டிக்குள்
நூற்று இருபத்தைந்து கிராம் நீலம் போனது.

விடியும்போது நானூறு மீட்டர் துணி
நிலக்கரிக் கிடங்கின் நிறத்தில்
உருளையேறி வந்தது.
மேற்பார்வையாளர் ஜெமோவித்
இரண்டு விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
போகுமிவா ஆறு மீட்டரைக் காசு கொடுத்து வாங்கினாள்:
"பகலில் தூங்குகிறவளுக்கு
இதைவிட நல்ல திரை கிடைக்காது."

வெட்கம் என்னைக் காவல்காரன் ஆக்கியது.
காற்புள்ளியை உள்ளே விட்டேன், ஆனால்
ஒவ்வொரு தட்டலையும் வழிமறித்துக் கேட்டேன்:
நீ எண்ணா?
தனியாக வந்த கழித்தல் குறி, எண்ணில்லை.
சுழியமும் காற்புள்ளியும் மட்டும், எண்ணில்லை.
அப்படியானால் 0,35க்கு
எந்த வழியாகப் போவது?
அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதலாமென்றால்
காலிப் பெட்டியும் எண்ணில்லை.
சிவப்புச் சட்டம் ஒன்று முகத்தில் வந்து விழும்.
"சரி" என்று ஒப்புக்கொள்ளும்வரை போகாது.

மூன்றாம் நாள் தொலைபேசி.
பின்னணியில் தொட்டிகள் கொதிக்கும் ஓசை.
"நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.
வாயைத் திறந்ததுமே
பொய் என்கிறீர்களே, ஏன்?"

பதில் இல்லை என்னிடம்.
டிராமில் வீடு திரும்பும்போது
எதிர் இருக்கையில் ஒரு பையன்
பனி படிந்த கண்ணாடியில் விரலால்
ஏதோ எழுதத் தொடங்கினான்.
ஒரு கோடு. இன்னொரு கோடு.
அது எழுத்தா, வீடா, குதிரையா
என்று அறிவதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது.
அவனைத் தவறு என்று சொல்ல
எனக்குத் தோன்றவே இல்லை.

சரி என்றொரு அறை, தவறு என்றொரு அறை,
இரண்டுதான் கட்டியிருந்தேன்.
நடுவே கூடம் ஒன்று வேண்டும்,
"இன்னும் இல்லை" உட்காருவதற்கு.

கட்டினேன். இரண்டு இரவு.
அதற்குள் அவள் விரிதாளிலிருந்து
1 250,5 என்று ஒட்டிப் பார்த்தாள்.
ஆயிரத்துக்கும் இருநூறுக்கும் இடையில்
கண்ணுக்குத் தெரியாத, உடையாத ஒரு வெற்றிடம்.
வாசலில் நாயைக் கட்டிவிட்டுக்
கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
விசைகளைத்தான் காத்தேன், ஒட்டுவதை அல்ல.
இன்னுமொரு இரவு.

இப்போது பெட்டி வாய் பேசாது.
அவள் அடுத்த கட்டத்துக்குத் தாவும்போதுதான் கேட்கும்,
அதுவும் தாழ்ந்த குரலில்,
எண்ணைச் சொல்லாக்கி:
பன்னிரண்டரை கிராம், சரிதானே?
வழக்கத்தைவிடப் பத்து மடங்கு என்றால்
ஓரம் மஞ்சளாகும்.
சிவப்பை நான் எடுத்துவிட்டேன்.
சாயக்கூடத்தில் அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

நேற்று அங்கே போயிருந்தேன்.
அவள் 12, என்று தட்டியபோது
யாரோ மூன்றாம் தொட்டியிலிருந்து கூப்பிட்டார்கள்.
எழுந்து போனாள்.

திரையில் 12,
வால் தொங்கிய காற்புள்ளி,
பக்கத்தில் துடிக்கும் கோடு.
என் விரல் பழக்கதோஷத்தில்
அழிக்கும் விசையை நோக்கி நீண்டது.
கையைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.