நீர் வற்றும் முகூர்த்தம்

மூவாயிரத்து இருநூறு டாலர்.
அதற்குமேல் ஒரு காசு கிடையாது என்று
மீன் ஆலைச் சம்பளக் கவரின் முதுகில்
கோடு போட்டு எழுதினேன்.
விரலுக்கேற்ற வீக்கம்தான்.
விரல் எவ்வளவு சிறிது என்பது
எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாள் குறித்தது கடல்.
எங்கள் வீடு இருப்பது
தீவென்று சொல்லவும் கூச்சமான தீவில்.
ஃபண்டி விரிகுடா தினம் இருமுறை
வயிற்றை எக்கிக்கொள்ளும்போது
சரளைக்கல் பாதை ஒன்று தலைகாட்டும்.
நாலரை மணி நேரம்;
வருகிறவர் வரலாம், போகிறவர் போய்விட வேண்டும்.
அட்டவணையில் விரல் வைத்துத் தேடினோம்:
ஜூன் பதினான்கு, சனிக்கிழமை,
ஒன்று இருபதுக்கு நீர் அடிமட்டம்.
அதுவே முகூர்த்தம்.

அதிலும் ஒரு சிக்கனம் ஒளிந்திருப்பதை
லோர்ன்தான் கண்டுபிடித்தான்.
ராத்திரி விருந்து இல்லை,
விளக்குச் சரம் இல்லை,
குடித்துவிட்டுக் கிளம்ப மறுக்கும் மச்சான்கள் இல்லை.
பந்தியிலிருந்து எல்லோரையும்
கடலே எழுப்பி அனுப்பிவிடும்.

மே மாதம் கழிவுநீர்த் தொட்டியின் பம்பு
எழுநூறு டாலரை விழுங்கியது.
அன்றோடு வாடகைப் பந்தல் போயிற்று.
ஒடெட் வீட்டுப் பரணில்
எலி கடித்த பாய்மரத் துணி கிடந்தது;
ஓட்டைகளை எண்ணினோம், பதினேழு.
மழை பெய்தால் பதினேழு பேர் மட்டும் நனையட்டும்.

நாற்காலி, தீயணைப்பு நிலையத்து இரவல்.
இருந்தது முப்பத்தெட்டு. ஆட்கள் நாற்பது.
மூன்று நாள் தூக்கம் கெட்டு
நான்காம் நாள் பல் விளக்கும்போது உறைத்தது,
அந்த நாற்பதில் இரண்டு பேர்
நிற்கப்போகிறவர்கள் என்று.

பூவுக்குச் செலவில்லை.
சாலையோரம் முழுக்க லூபின்,
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்,
யாரும் நடாதது, யாரும் விலை சொல்லாதது.
முந்தின மாலை நானும் தங்கை ஷோனாவும்
கத்தரிக்கோலோடு போய் வெட்டி வந்து
முப்பத்தொரு ஊறுகாய் ஜாடிகளில் நிறுத்தினோம்.
நான்கில் இன்னும் வினிகர் நெடி.
கொட்டகைக்குள் வைத்துவிட்டுத் தூங்கப் போனோம்.
விடிந்து பார்த்தால்
அத்தனை தண்டும் கழுத்தை வளைத்து
அங்கிருந்த ஒரே ஜன்னலைப்
பார்த்துக்கொண்டிருந்தன.
நிமிர்த்தினால் ஒடிந்தன.
ஷோனாவுக்கு அழுகை வந்துவிட்டது.
எல்லா ஜாடியையும் கடல் பக்கம் திருப்பு,
வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும் என்றேன்.

கவரில் இன்னொரு வரியும் உண்டு.
ஆங்கஸ் என்ற பெயர்,
எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி.
லோர்னின் மகன். இரண்டு வருடமாகப் பேச்சில்லை,
அவன் அம்மா வாங்கிய அலமாரியில்
என் கோப்பைகள் ஏறிய நாளிலிருந்து.

இரண்டு ஐம்பதுக்கு வந்தான்.
மோதிரம் மாற்றி முடிந்திருந்தது,
மீன் சூப்பு அடிப்பானைக்கு வந்திருந்தது.
உரக்குழி அருகே நின்றான்.
லோர்ன் பார்த்தான்; பார்க்காததுபோல்
ரொட்டி நறுக்கினான், ஏற்கெனவே நறுக்கியதையே.

மூன்றரைக்கு ஷோனா ஹாரன் அடித்தாள்.
செருப்பைத் தேடினார்கள், குழந்தைகளை எண்ணினார்கள்,
ஒடெட் மிச்சக் கேக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.
கார்கள் வரிசையாகப் போயின,
கடைசிச் சக்கரத்தின் தடத்தில்
தண்ணீர் நின்றது.

அவன் கார் மட்டும் முற்றத்தில்.
நேரத்தைக் கவனிக்கவில்லை என்றான்.
இந்தத் தீவில் பிறந்தவன்;
பேசத் தெரியும் முன்பே
அலை ஏறுவதும் இறங்குவதும் தெரிந்தவன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை.
அடுத்து பாதை திறப்பது இரவு பதினொன்று இருபதுக்கு.
மடித்து அடுக்கிய நாற்காலிகளிலிருந்து
லோர்ன் மூன்றை மட்டும் திரும்ப விரித்தான்.

ஆங்கஸ் ஒரு ஜாடியை எடுத்துத்
திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"கொட்டகையில் வைத்தீர்களா?"
என்னிடம் அவன் பேசிய முதல் வாக்கியம்.

ஆமாம் என்றேன்.