எழுபத்திரண்டு மணி நேரச் சீட்டு

நியுகாட்டி நிலையத்தில் இயந்திரம் கேட்கிறது:
இருபத்து நான்கு மணி நேரமா,
எழுபத்திரண்டா?
நீதிமன்றம் எனக்கு அளந்து கொடுத்தது முப்பத்திரண்டு.
சனி காலை பத்திலிருந்து ஞாயிறு மாலை ஆறுவரை.
பெரியதையே அழுத்துகிறேன், எப்போதும்போல.

பொரோகாவுக்குச் சீட்டு வேண்டாம்.
சின்னவர்களுக்கு இந்த ஊரில் எல்லா வண்டியும் சும்மா.
கடிகாரத்துக்குக் கீழே நிற்கிறாள்,
ஒற்றைக் கையுறையோடு.
"இன்னொண்ணு எங்கே?"
"நாற்பத்தேழுல போயிடுச்சு."
கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஹயனால்கா
கையசைத்தாளா, முடியை ஒதுக்கினாளா, தெரியவில்லை.

மகளுக்கு ஊர் என்பது எண்கள்.
நீச்சலுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று,
பல் மருத்துவருக்கு, பிடிக்காத ஒன்று.
நான் வரைபடத்தை விரித்தால் பிடுங்கி
என் பையிலேயே திணிக்கிறாள்:
"வெளியூர்க்காரன் மாதிரி நிக்காதப்பா."

வெளியூர்க்காரன்தான்.

இரண்டாம் எண் டிராம், ஆற்றோரமாக.
பாராளுமன்றம் வந்ததும் பெட்டி மொத்தமும்
ஒரு பக்கமாகச் சாய்கிறது, முறத்தில் பயறுபோல.
பொரோகா சாயவில்லை.
ரொட்டியின் மேலிருக்கும் சீஸை மட்டும்
பிய்த்துத் தின்றுகொண்டிருக்கிறாள்.
டானூப் பழுப்பாகப் போகிறது.

பிறகு பாதாளம்.
நகரும் படிக்கட்டில் என் முழங்கையைப் பிடித்து
வலப்பக்கம் நிறுத்துகிறாள்.
அந்தப் பழைய குட்டிச் சுரங்க ரயிலில்
தலை இடிக்கிறது.
"இதோட நாலு தடவை," என்கிறாள்.
போன மாதத்தையும் சேர்த்துச் சொல்கிறாள்.

இந்த ஊரில் எனக்கு அடுப்பு இல்லை,
அவள் வரைந்ததை ஒட்டிவைக்க
ஒரு குளிர்பெட்டிக் கதவு இல்லை.
இருக்கைகளில்தான் எங்கள் குடித்தனம்.
நாற்பத்தொன்பதில் வீட்டுப்பாடம்,
பின்னம் இன்னும் பிடிபடவில்லை, இருவருக்கும்.
பாலத்தின் மேல் சண்டை,
கைப்பேசி பற்றி; இரண்டு நிறுத்தங்கள் நீடித்தது.
சமாதானம் எந்த இடத்தில் என்று கவனிக்கவில்லை.

ராத்திரி, விடுதி அறையில் வெப்பக் குழாய் இருமுகிறது.
அவளுக்குத் தூக்கம் வரவில்லை.
"ஆறாம் நம்பர் விடிய விடிய ஓடும்ப்பா."
இரண்டு மணிக்கு
இரவு உடைக்கு மேலே கோட்டு மாட்டி, இறங்கி,
ஏறுகிறோம்.
யாருக்கோ பிறந்தநாள், நான்கு பேர் நான்கு சுருதியில்.
மாவு படிந்த காலணியோடு வேலைக்குப் போகும் ஒருத்தி.
பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பவர்
ஒரு கதவையும் பார்க்கவில்லை.
முனையிலிருந்து முனைக்கு, திரும்பவும் முனைக்கு.
மூன்றாம் நடையில் என் தோளில் தூங்கிவிட்டாள்.
எச்சில் ஒழுகி காலர் நனைகிறது.
நான்காம் நடையும் போனேன். ஐந்தாவதும்.

ஞாயிறு, பல்சக்கர ரயிலில் மலைக்கு.
மேலே, சிறுவர்களே நடத்தும் ரயில்பாதை.
தொப்பி காதுவரை இறங்கிய பொடியன் ஒருவன்
என் சீட்டை வாங்கி, முகம் சுளித்து, ஆராய்ந்து,
துளையிட்டுத் தருகிறான்.
வண்டி நகரும்போது நடைமேடையில் ஒரு சிறுமி
விறைப்பாக நின்று சல்யூட் வைக்கிறாள்.

"அடுத்த வருஷம் நானும் சேரப் போறேன்,"
என்கிறாள் பொரோகா, ஜன்னலைப் பார்த்தபடி.
"சனி ஞாயித்துலயும் வேலை இருக்கும்."
சக்கரங்கள் கொஞ்ச தூரம் பேசின.
"நீ இந்த வண்டியில வா. சல்யூட் வைப்பேன்.
ஆனா டூட்டியில பேசக் கூடாது."
சரி என்றேன்.
எத்தனை மணிக்கு முதல் வண்டி என்று கேட்டேன்.

ஆறு ஆவதற்கு நான்கு நிமிடம் முன்பே
கண்ணாடிக் கதவு திறந்தது.

கெச்கெமேட் தாண்டி, இருட்டில்,
பரிசோதகர் வந்து கை நீட்டுகிறார்.
சட்டைப் பையில் கிடைத்ததை எடுத்துக் கொடுக்கிறேன்.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கிறார்.
"ஐயா, இது புடாபெஸ்ட் ஊருக்குள்ளே ஓடுற வண்டிக்கு."

"தெரியும்," என்கிறேன்,
"செவ்வாய்க்கிழமை காலைவரை செல்லும்."