மார்க்கட் எப்படி என்று கேட்கிறான் திலங்க

கம்பனி ஆள். மாதம் ஒருமுறை
கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏறி வந்து
மூக்கை உறிஞ்சிக்கொண்டே
என் கண்ணாடிப் பெட்டிமேல் படிவத்தை விரிக்கிறான்.
"அக்கா, மார்க்கட் எப்படி?"

நீ போன தையில் தந்துவிட்டுப் போன மெஷ் செட்,
வீட்டு மூலைக்கு மூலை
வெள்ளை முட்டைபோல் வைப்பது,
மூன்றும் அப்படியே இருக்கின்றன திலங்க.
இங்கே ஒரு காம்பராவுக்கு மூலை நாலுதான்.
நாலையும் ஒரே அடுப்புப் புகை தொட்டுவிடும்.

வைஃபை ஆறு, அடுத்து ஏழு என்கிறாய்.
இலக்கம் ஏறட்டும்.
எனக்கு விற்பது வயர்.
வெளியே இழுக்கும் கறுப்பு வயர், மழைக்கு நிற்பது.
அளந்து அளந்து மேசை விளிம்பில்
ஒரு மீட்டருக்கு ஒரு தழும்பு விழுந்துவிட்டது.
அப்புறம் தகரத்துக்கு மேலே நிற்கும் அன்டெனா,
பூட்டு உடைத்த பழைய சிம் ரவுட்டர்,
முதுகில் யாரோ அரபியில் பெயர் எழுதி ஒட்டியது
(சுரண்டினாலும் போகாது, சுரண்டுவதை விட்டுவிட்டேன்).

டொலர் ஏறிய வருசம் நான் எதையும் விற்கவில்லை.
கரண்டு போய் வந்து, போய் வந்து
வெந்த அடாப்டர் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்தது.
அந்தச் சாக்கைத் திறந்து திருத்தித்தான் சாப்பிட்டோம்.
அதையும் எழுது, கட்டம் இருந்தால்.

பைபர் கேட்டாய்.
வந்தது. டவுனுக்கு வந்தது, கோயில் வளைவு தாண்டியது,
பெற்றோல் செட் தாண்டியது,
மொட்டைப்பாறைத் தோட்டத்துப் பலகைக்கு முன்னால்
கடைசிக் கம்பத்தில் சுருட்டிக் கட்டித் தொங்குகிறது.
குருவி ஒன்று அதற்குள் கூடு வைத்து
குஞ்சு பொரித்தும் போய்விட்டது.
உள்ளே கம்பம் நடத் தோட்டத்துக் கடிதம் வேண்டுமாம்.
விண்ணப்பத்துக்கு வீட்டு இலக்கம் வேண்டுமாம்.
லயத்துக்கு ஏது இலக்கம்?

யோகமலர் அப்போதுதான் வந்தாள்,
கொழுந்துச் சாயம் போகாத விரலால் காசை எண்ணி
பாதி இன்றைக்கு, பாதி பத்தாந்திகதி என்றாள்.
தொங்கல் காம்பராவின் சன்னலில் மட்டும்
தண்ணிக்கு அக்கரைக் கோபுரம் எட்டுகிறது.
அங்கே ஒரு ரவுட்டர்.
அங்கிருந்து இஸ்தோப்பு ஓரமாக வயர்,
பன்னிரண்டு காம்பரா, பன்னிரண்டு பங்கு.
பங்கு கட்டாதவருக்குப் புதுப் பாஸ்வேர்ட் கிடையாது,
அவள் சொந்த மச்சானுக்கும் கிடையாது.
சண்டை வந்தது. பீலிக்கரையில் குடம் உருண்டது.
மச்சான் கட்டிவிட்டார்.

உன் படிவத்தில் இது 'வாடிக்கையாளர்: 1'.

பெயர் வைக்க வேண்டும் என்று பெட்டியோடு திரும்பி வந்தாள்.
மகன் பெயரா, சாமி பெயரா என்று கேட்டேன்.
இல்லை.
'இலக்கம் ஏழு, பணிய லயம், மொட்டைப்பாறை டிவிசன், மஸ்கெலியா'
என்று சொல்லச் சொல்ல அடித்தேன்.
பெட்டி ஏற்கவில்லை.
தமிழில் பத்தெழுத்தோடு அதற்கு மூச்சு வாங்குகிறது,
கொம்பையும் புள்ளியையும்கூட
எழுத்தாக எண்ணிக் காசு கேட்கும் கஞ்சன்.
மஸ்கெலியாவை வெட்டினோம். டிவிசனை வெட்டினோம்.
மொட்டைப்பாறை போனது.
மிஞ்சியது 'பணிய லயம் 7'.
அவள் அதைத் தன் போனில் பார்த்தாள்,
கொஞ்சம் தள்ளிப் போய்
தெருவில் நின்றும் பார்த்தாள்.

நீ இறங்கும்போது கடைசிக் கம்பத்தடியில்
வண்டியை நிறுத்தி போனைத் திற, திலங்க.
மூடுபனியில் லயம் தெரியாது.
பெயர் தெரியும். பூட்டும் தெரியும்.

சிரிக்கிறான். பேனையின் மூடியைக் கடிக்கிறான்.
மெஷ், மீதி மூன்று. கேள்வி, குறைவு.
"வயர் எத்தனை சுருள் அக்கா?"
எட்டு.
இல்லை, பத்தாகப் போடு.
மேல் லயத்திலும் நேற்று கூட்டம் வைத்தார்களாம்.