கூரைக்கு விலை

டயர் கடைக்கும் சலவை நிலையத்துக்கும் நடுவே
ஒரு லாரி நிறுத்தும் அகலம்.
அதற்குள் ஒரு ஷிண்டோ கோயில்.
காப்பீட்டுக்காரர்கள் என்னை ஹீலோவுக்கு அனுப்பியது
அதன் கூரைக்கு விலை போட.

தோரி வாசல், மரம், சிவப்பு.
இடது காலில் கறையான். குறித்துக்கொண்டேன்.
கை கழுவும் கல்தொட்டி: விரிசல் இல்லை.
மூங்கில் அகப்பை இருக்கவேண்டிய இடத்தில்
நீல பிளாஸ்டிக் குவளை.
குழாய் துருப்பிடித்துக் கிடக்கிறது,
மழையே நிரப்பி மழையே வழிந்துகொள்கிற ஊரில்
அதை யார் திறப்பது.

கல்நரிகள் இரண்டு.
ஒன்றின் வாயில் சாவி.
மற்றதற்குத் தாடை முழுக்க சிமெண்டு,
ஒரு பிளம்பர் பூசிக் கொடுத்தாராம்;
அதனால்தான் கொஞ்சம் சிரிக்கிற மாதிரி.
கழுத்துச் சிவப்புத்துணி
ஏதோ குழந்தையின் பழைய சட்டை. ஒரு பொத்தான் மிச்சம்.

ஃபுருதானி பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்,
ஞாயிறு மட்டும் பூசாரி.
இன்று வியாழன். ஓட்டுநர் சீருடையிலேயே
குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்,
எனக்கல்ல, என் படிவத்துக்கு.

மூலவர் யார் என்று வாய்வரை வந்ததை விழுங்கி
உள்ளே என்ன இருக்கிறது என்றேன்.
"கண்ணாடி."
"விலை?"
"இருபத்தெட்டு டாலர். ரசீது வைத்திருக்கிறேன்."

பழையதை, போர் தொடங்கிய மாதம்
வந்து எடுத்துப் போனார்களாம்.
அதே வண்டியில் அவருடைய அப்பாவின் அப்பாவையும்.
நான்கு வருடம் கழித்து
மனிதர் மட்டும் திரும்பினார்.

படிவம் கேட்கிறது:
கடந்த ஐந்து ஆண்டுகளில் இழப்பு ஏதும் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.

ஈழத்தலரி மரத்தில் பூவைவிடக் காகிதம் அதிகம்.
கெட்ட குறி வந்தால் கிளையில் கட்டிவிட்டுப் போகலாமாம்,
மரம் பார்த்துக்கொள்ளும்.
உண்டியலில் ஒரு டாலர் போட்டு நானும் எடுத்தேன்.
"சின்னக் கெடுதல்" என்று வாசித்தார்.
வழக்கு: தோற்கும். வீடு மாற்றம்: வேண்டாம்.
தொலைந்த பொருள்: கிடைக்கும், தாமதமாக.

அந்தக் கடைசி வரியை மட்டும் கிழித்து
அவரிடம் நீட்டினேன்.
அப்படிச் செய்யக் கூடாது என்றார்,
வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மீதியைக் கட்டினேன். ஈரக் காகிதம்,
இரண்டாம் முடிச்சில்தான் நின்றது.

இன்னும் ஓர் இனம் பாக்கி.
மணி, பித்தளை, ஒன்று.
ஒலிக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.
கயிற்றை இழுத்தேன்.

தகர டப்பாவில் கூழாங்கல் உருட்டிய சத்தம்.
டயர் கடையில் குனிந்திருந்த ஒருவன்
ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு
இன்னும் கொஞ்சம் குனிந்தான்.