பதினாலாம் பாடம்

பதினாலாம் பாடத்தில் ஒரு தீவு.
கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாசல்,
அதன் முன் வரிசையாய் ஒன்பது பேர்,
ஒருவர் கையில் குடை.
கீழே உரையாடல்:
படகு எத்தனை மணிக்கு? பத்து மணிக்கு.
காட்சி நன்றாயிருக்கிறது அல்லவா?
ஆம், காட்சி நன்றாயிருக்கிறது.

திருவொற்றியூர் தேரடியில், சைக்கிள் கடை மாடியில்
இதை ஆறு வாரம் ஒப்பித்தோம்.
ஃபேன் நின்ற நாளிலும் காட்சி நன்றாயிருந்தது.

பரீட்சை முடிந்த வாரம்
"நமக்கும் தீவு இருக்குப்பா" என்றான் மஸ்தான்.
எண்ணூர்க் கழிமுகத்தில்.
அவன் மச்சானின் கூட்டாளி தேசப்பனிடம் ஃபைபர் படகு.
தலைக்கு எண்பது. பதினொரு பேர்.
லைஃப் ஜாக்கெட் நாலு.
சென்செய்க்கு அன்று சோழவரத்தில் கல்யாணம்.

எப்சிபா ஒரு விதி போட்டாள்:
படகில் கால் வைத்தபின் தமிழ் கூடாது.
அவளுக்கு இன்டர்வியூ முடிந்து கடிதம் வரவேண்டும்,
ஏதோ ஓர் ஊரில் வயதானவர்களைக் குளிப்பாட்டும் வேலை.
"தண்ணீர் சூடு போதுமா?" என்பதை
எட்டு விதமாய்க் கேட்பாள்.
நான் கன்டெய்னர் யார்டில் சீல் நம்பர் எழுதுகிறவள்.
எண்கள் மட்டும் சரளம்.
தலை எண்ணும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

நான்கு காலையும் நீரில் ஊன்றி
சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு மின்கோபுரம் வந்தது.
அதுதான் வாசல் என்று முடிவானது.
அடியில் நுழைகையில் கஜலட்சுமி செருப்பைக் கழற்றினாள்.
மேலே கம்பிகள் முனகின.

"கிரேய்" என்றான் மஸ்தான்.
அந்தச் சொல்லுக்கு அழகு என்றும் பொருள்,
சுத்தம் என்றும் பொருள்.
அங்கே ஒரே சொல் போதும்போல.
இங்கே படகை நிறுத்தி வாக்கெடுப்பு:
அழகுக்கு ஒன்பது கை,
சுத்தத்துக்கு ஒன்றுமில்லை.
இரண்டு பேர் நண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீவு என்றால்,
ஒரு மண்திட்டு, ஏழெட்டு அலையாத்தி,
தகரக் கூரைக்குள் மஞ்சள் காய்ந்த அம்மன்,
யார் ஓட்டிவிட்டது தெரியாத இரண்டு ஆடுகள்.
பாடத்தில் மான் வரைபடத்தைத் தின்னும்.
இங்கே ஆடு பாடத்தையே தின்றது,
ஜெராக்ஸ், இரண்டு பக்கமும்.
அதன்பின் அடுத்த வரி யாருக்கும் நினைவில்லை.

புளிசாதம் முடித்து வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது.
படகு தரைதட்டிக் கிடந்தது.
"எறங்கித் தள்ளணும்" என்றார் தேசப்பன்.
முழங்கால் வரை இறங்கினோம்.
மணல் இல்லை, சேறும் இல்லை.
பவுடர் டப்பாவில் தண்ணீர் விட்டதுபோல் ஒன்று
விரலிடுக்கில் வெதுவெதுத்தது.
தேசப்பன் மோவாயால் காட்டிய பக்கம் புகைபோக்கிகள்.
"கொழா ஒழுவும். எறா கெடந்த எடம் இது."

சாம்பலுக்கு என்ன சொல்?
எந்தப் பாடத்திலும் இல்லை.
எப்சிபா செல்போனில் தேடினாள்.
ஹாய்.
"அது 'ஆமாம்' இல்ல?"
அதேதான். எழுத்து வேறு,
குரலின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் வேறு.
இன்னும் கீழே உருட்டினாள்.
நுரையீரலுக்கும் ஹாய்.

சிரித்தோம்.
மஸ்தான்தான் அதிகம் சிரித்தான், இருமிக்கொண்டே.
அவன் வீடு அத்திப்பட்டு.

தண்ணீர் ஏற ஆறு மணி ஆயிற்று.
அதற்குள் விதி கரைந்துபோய்
கஜலட்சுமி அம்மாவிடம் தெலுங்கில் பொய் சொன்னாள்,
வகுப்பு நீள்கிறது என்று.
எப்சிபா கோபுரத்தைப் படம் எடுத்தாள்.
யாருக்கு அனுப்ப என்று கேட்டேன்.
"அங்க போனப்புறம் பாக்க."

கரையில் விளக்கு இல்லை.
எல்லார் காலும் முட்டிவரை ஒரே நிறம்.
வகுப்பில் கூப்பிடுவதுபோல் பேர் கூப்பிட்டேன்.
மஸ்தான். ஹாய்.
கஜலட்சுமி. ஹாய்.
எப்சிபா. கொஞ்சம் தாமதித்து, ஹாய்.
என்னையும் சேர்த்துப் பதினொன்று. சரி.

கயிறு கட்டிக்கொண்டிருந்த தேசப்பன்
திரும்பாமலே சொன்னார்,
"எம் பேரக் கூப்புடலியே."